தீர்ப்பு எவர் கையில்?

சிறு நாடகம் என்றதும் உதட்டைப் பிதுக்குவோர் உளர். பெரு நாடகம் எழுத ஆற்றலற்றவன் எழுதுவதே சிறு நாடகம் என்பது அவர்தம் எண்ணம். இரவெல்லாம் நடைபெறும் நாடகத்திலே அரசன் வருவான், அமைச்சன் வருவான், ஆடலும் பாடலும் வரும், அடுத்தடுத்துத் திரைகள் மாறும். அரை மணி நேரத்திலே என்ன இருக்க முடியும் என்று அவர்கள் கேட்கின்றனர். மாளிகைக்கு எதிரே குடிசையை நிறுத்தி, இதுவும் வீடா என்று வினவுவதைப் போன்றது இது. குடிசையிலும் மனிதன் வாழ்கிறான். அவன் சிந்தும் கண்ணீர், மாளிகைக்காரன் சிந்தும் கண்ணீரைவிடச் சூடு குறைந்ததன்று.

மற்றொரு சாராரும் உளர். அவர்கள் நம்மவர்கள், நாடு திருந்த வேண்டும், நாட்டோர் நெஞ்சம் திருந்த வேண்டும் என்ற வேட்கை கொண்டவர்கள். அவர்கள் சிறு நாடகத்தை வெறுப்பவர்கள் அல்லர். ஆனால் அதனிடம் ஒன்றை வற்புறுத்திக் கேட்பவர்கள். நல்லவன் யார், தீயவன் யார் என்பதை நாடகம் அச்சமின்றி அறிவிக்க வேண்டும், முடிவிலே தீர்ப்பு வழங்க வேண்டும், தீர்ப்பு வழங்காத நாடகம் கோழையின் நாடகம் என்பது அவர்தம் வாதம். முதல் சாராரின் பேச்சைப் புன்னகையோடு விட்டுவிடலாம். இரண்டாம் சாராரின் வாதத்தை அப்படி விட்டுவிட இயலாது. அது நேர்மையான வாதம். நேர்மையான விடையை வேண்டி நிற்பது.

நாடகத்திலே தீர்ப்பு வழங்க வேண்டியவர் யார்? எழுதிய ஆசிரியரா? எதிரே அமர்ந்திருக்கும் அவையோரா? கலை பற்றிய கேள்வி போலத் தோன்றும் இது, உண்மையில் அறம் பற்றிய கேள்வி. இதனை வானத்தில் நின்று ஆராய்வதைவிட, ஒரு சிறு நாடகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஆராய்வது நலம்.

அதற்குமுன், ஓரங்க நாடகம் உலகில் தலைநிமிர்ந்த வரலாற்றைச் சில வரிகளில் காண்போம். சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில், இலண்டன் அரங்குகளிலே பெரு நாடகம் தொடங்குமுன் ஒரு சிறு நாடகத்தை ஆடிக் காட்டுவர். சீமான்கள் உணவருந்திவிட்டு மெல்ல வந்து சேரும்வரை, முன்னரே வந்த எளியோர்க்குப் பொழுது போக வேண்டுமல்லவா? அதற்காக! அழைக்கப்பட்ட விருந்தினன் அல்லன் சிறு நாடகம்; விருந்தினன் வரும்வரை திண்ணையில் அமர்ந்திருந்தவன். அவனுக்கு நடுக்கூடத்தில் இருக்கை தந்தவருள் ஒருவர், பாரிசிலே எரிவாயு நிறுவனமொன்றில் எழுத்தராக வேலை பார்த்த ஆந்திரே அந்துவான். 1887-ஆம் ஆண்டில் அவர் தொடங்கிய 'விடுதலை அரங்கு' முதல் இரவில் ஆடிக் காட்டியவை ஓரங்க நாடகங்களே. பின்னர் அயர்லாந்தின் டப்ளின் நகரம் அவ்வழியில் புகழ் பெற்றது. அதன்பின், 1916-ஆம் ஆண்டுக் கோடைக் காலத்தில், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கடற்கரைச் சிற்றூரான பிராவின்ஸ்டவுனில், படகுத்துறை மேல் நின்ற பழைய மீன் கொட்டகை ஒன்றை அரங்காக்கிச் சில இளைஞர்கள் நாடகம் ஆடினர். பின்னாளில் உலகப் புகழ் பெற்ற யூஜின் ஓ'நீலின் நாடகம் முதன்முதல் மேடை கண்டது அங்கேதான். அதே கோடையில், அதே கொட்டகையில், ஆகஸ்டுத் திங்கள் 8-ஆம் நாள் அரங்கேறியது சூசன் கிளாஸ்பெல் எழுதிய 'அற்பங்கள்' என்ற ஓரங்க நாடகம்.

கதை இதுதான். தனித்த பண்ணை வீடு ஒன்றின் சமையலறை. கடுங்குளிர்க் காலம். வீட்டுக்குரிய ஜான் ரைட், இரவு நேரத்தில் படுக்கையிலே கழுத்தில் கயிறு இறுக்கிக் கொல்லப்பட்டான். அருகிலே படுத்திருந்த மனைவி மின்னி, உறங்கிவிட்டேன், ஒன்றும் அறியேன் என்கிறாள், அவள் சிறையில். கொலைக்குக் காரணம் தேடி அரசு வழக்கறிஞரும், ஷெரீப்பும், அண்டைப் பண்ணையாளர் ஹேலும் வருகின்றனர். உடன் வருகின்றனர் இரு பெண்கள்: ஷெரீப்பின் மனைவி, ஹேலின் மனைவி.

ஆடவர் மூவரும் சமையலறையை ஒரு பார்வை பார்க்கின்றனர். அழுக்குத் துணி, கழுவாத பாத்திரம், குளிரால் வெடித்த பழப்பாகுக் குப்பிகள். இங்கே என்ன இருக்கப் போகிறது, பெண்கள் அற்பப் பொருள்களுக்குக் கவலைப்படுவது வழக்கந்தானே என்று எள்ளி நகையாடிவிட்டு மாடிக்கு ஏறுகின்றனர், தொழுவத்துக்குப் போகின்றனர். சான்று தேடுகிறார்கள்!

பெண்கள் சமையலறையிலேயே நிற்கின்றனர். அவர்கள் சான்று தேடவில்லை; சிறையிலிருப்பவள் கேட்டனுப்பிய மேலாடையை எடுக்கிறார்கள். ஆனால் கண் காண்கிறது. பாதி துடைத்து விடப்பட்ட மேசை. ஒட்டுத்துணிகளை இணைத்துத் தைத்த போர்வை. அதிலே எல்லாத் தையலும் நேராக இருக்க, ஒரு துண்டிலே மட்டும் கோணல் மாணலாக ஓடியிருக்கிறது ஊசி. கதவு பிய்க்கப்பட்ட வெறுங்கூண்டு. தையற் பெட்டியிலே, பட்டுத் துணியில் பொதிந்து வைக்கப்பட்ட ஒரு சிறு பறவை. அதன் கழுத்து திருகப்பட்டிருக்கிறது.

பெண்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்க்கின்றனர். ஆடவர் தேடிய காரணம் அவர்கள் கையில் இருக்கிறது. முப்பது ஆண்டுகட்கு முன் பாடித் திரிந்த பெண் மின்னி. பிள்ளையில்லா வீடு, பேச்சில்லாக் கணவன். அந்த மௌனத்திலே ஒரே ஒரு குரல் அந்தப் பறவையின் குரல். அதையும் நெரித்தான் அவன். அவன் கழுத்தை நெரித்தது கயிறு. பெண்கள் பெட்டியை மறைத்துவிடுகின்றனர். திரும்பி வந்த ஆடவர் சிரித்துப் பேசிக்கொண்டு நிற்கத் திரை விழுகிறது.

இனி, இந்நாடகம் நம்மைப் பிடித்து நிறுத்துவது எவ்வாறு என்று பார்ப்போம். முதலாவது, நாடகம் தொடங்குமுன்னரே நடக்க வேண்டியதெல்லாம் நடந்து முடிந்துவிட்டது. திருமணம் நடந்தது, வாழ்வு கருகியது, பறவை மாண்டது, மனிதன் மாண்டான். பெரு நாடகம் ஆற்றின் ஊற்றிலே புறப்பட்டுக் கடல் வரை நடக்கும். சிறு நாடகத்துக்கு அத்தனை நேரம் இல்லை. அருவி விழுமிடத்தில் போய் நிற்கிறது. மேலே ஓடிவந்த ஆறு எவ்வளவு நீளம் என்பதை, விழும் நீரின் வேகத்தைக் கொண்டே நாம் உணர்ந்துகொள்கிறோம்.

இரண்டாவது, நாடகத்தின் தலைவி மேடைக்கு வருவதே இல்லை! குற்றம் சாட்டப்பட்டவன் எழுந்து தன் வழக்கைத் தானே எடுத்துரைக்கும் நாடகத்தைத் தமிழர் அறிவர். அண்ணாவின் 'நீதிதேவன் மயக்க'த்தில் இராவணன் அவ்வாறு பேசுகிறான். கிளாஸ்பெல்லின் நாடகத்திலே குற்றம் சாட்டப்பட்டவளுக்கு ஒரு சொல்லும் இல்லை. அவள் அமர்ந்த நாற்காலி பேசுகிறது. அவள் தைத்த துணி பேசுகிறது. வாழ்நாளெல்லாம் வாய்மூடி வாழ்ந்தவளின் கதையைச் சொல்ல, அவள் வாய் திறக்காததைவிடப் பொருத்தமான வழி வேறென்ன?

மூன்றாவது, பொருள்கள். கடுகு சிறுத்தாலும் காரம் போகாது என்பதைச் சிறு நாடகம் நன்கறியும். பெரு நாடகத்தில் போர்க்களம் செய்யும் வேலையைச் சிறு நாடகத்திலே ஒரு கூண்டு செய்கிறது. 1904-ஆம் ஆண்டில் டப்ளினில் மேடையேறிய சிஞ்சின் 'கடலுக்குச் செல்வோர்' நாடகத்தையும் இங்கே எண்ணிப் பாருங்கள். கடலில் மாண்டவன் தங்கள் உடன்பிறந்தானா என்று அறிய, உடன்பிறந்தாள் ஒருத்தி காலுறையின் கண்ணிகளை எண்ணுகிறாள். தான் பின்னிய காலுறை. தான் தவறவிட்ட கண்ணிகள் நான்கு. எண்ணிக்கை சரியாக வருகிறது. அழுவதற்கு முன் எண்ண வேண்டியிருக்கிறது! ஆயிரம் வரிப் புலம்பலால் விளையாத நடுக்கம் அந்த எண்ணிக்கையால் விளைகிறது.

நான்காவது, மாற்றம். சிறு நாடகத்தில் பலர் மாற இடமில்லை. ஒருவர் மாறினால் போதும். 'அற்பங்க'ளில் மாறுபவள் ஷெரீப்பின் மனைவி. தொடக்கத்தில் அவள் சட்டத்தின் பக்கம். சட்டம் சட்டந்தான் என்கிறாள். பறவையைக் கண்டதும், சிறுமியாக இருந்தபோது தன் பூனைக்குட்டியைக் கண்ணெதிரே ஒருவன் வெட்டிக் கொன்றது அவள் நினைவுக்கு வருகிறது. முதற் குழந்தை இறந்தபின் ஆளற்ற வெளியிலே தான் கேட்ட மௌனம் நினைவுக்கு வருகிறது. எவரும் அவளுக்கு அறிவுரை கூறவில்லை. அவள் நினைக்கிறாள், நினைத்ததால் மாறுகிறாள். நாமும் அவளோடு மாறுகிறோம்.

இங்கேதான் நம் நண்பர்களின் வாதம் வாளேந்தி எழுகிறது. மாறுகிறோம், சரி, மாறி எங்கே போய் நிற்கிறோம்? கொலைக்குச் சான்று மறைக்கப்பட்டது. அது அறமா? அறம் எனில் ஆசிரியர் வெளிப்படையாகச் சொல்லட்டும். அறமன்று எனில் கண்டிக்கட்டும். இரண்டுமின்றித் திரையை இறக்கிவிட்டு ஓடுவதென்ன?

மேல் வகுப்பு மாணவர்க்கு இக்கதையை ஒருமுறை எடுத்துரைத்தேன். சட்டத்தை ஏமாற்றியது தவறுதானே என்றான் ஒரு மாணவன். வகுப்பிற் பலர் தலையசைத்தனர். ஒரு மாணவி எழுந்து, வழக்கைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்லப் போகிறவர்கள் யார் என்று கேட்டாள். அந்த வினாவுக்கு விடை நாடகத்தில் இல்லை; வரலாற்றில் இருக்கிறது.

கிளாஸ்பெல் இளம் வயதில் ஐயோவா மாநிலத்து நாளேடு ஒன்றின் செய்தியாளர். 1900-ஆம் ஆண்டு டிசம்பரில், இண்டியானோலா என்ற ஊரின் அருகே ஜான் ஹோசக் என்ற பண்ணையாளர் உறக்கத்தில் கோடரியால் வெட்டிக் கொல்லப்பட்டார். மனைவி மார்கரெட் மீது வழக்கு. அதைப் பற்றி ஏட்டுக்கு எழுதியவர் கிளாஸ்பெல். 1901-இல் நடுவர் குழு அவளைக் குற்றவாளி என்றது, வாழ்நாள் சிறை. 1902-இல் மாநில உச்ச முறைமன்றம் அத்தீர்ப்பை நீக்கியது. 1903-இல் மறுபடியும் விசாரணை, நடுவர்கள் ஒருமனப்படவில்லை, அவள் விடுதலையானாள். அவளுக்குத் தீர்ப்புக் கூற அமர்ந்த நடுவர் அனைவரும் ஆடவர். அந்நாளில் அந்த மாநிலத்திலே பெண்ணுக்கு நடுவர் இருக்கை இல்லை. நாடு முழுதும் பெண்ணுக்கு வாக்குரிமை உறுதியானதே 1920-ஆம் ஆண்டில்தான். மற்றொன்றையும் மறந்துவிடாதீர்கள். அவ்வீட்டிலே நெடுங்காலம் நிலவிய பிணக்கு, பாவம், எத்துணைத் துன்புற்றாளோ என்று இரங்குவதற்குப் பயன்படவில்லை. கொலைக்குக் காரணம் இதோ என்று அவளுக்கு எதிராக எடுத்துரைக்கவே பயன்பட்டது.

ஹோசக் வீட்டில் பிள்ளைகள் பலர். கிளாஸ்பெல் தம் நாடகத்தில் பிள்ளைகளை நீக்கினார்; வீட்டிலே மௌனம் குடியேறியது. கோடரியை நீக்கிக் கயிற்றை வைத்தார். பறவையின் கழுத்துக்கும் மனிதனின் கழுத்துக்கும் இடையே ஒரு கோடு விழுந்தது. நடந்ததை நடந்தபடி ஒப்பிப்பது செய்தியாளர் வேலை. நடந்ததன் உட்பொருள் தெரியும்படி அடுக்குவது நாடகாசிரியர் வேலை. அவர் இரண்டையும் செய்தவர். அரங்கேற்றத்தின்போது ஹேலின் மனைவியாக நடித்தவரும் அவரே.

இப்போது கேள்விக்குத் திரும்புவோம். பெண்கள் செய்தது சரியா? என் எண்ணத்தை மறைக்க மாட்டேன். இரக்கத்தின் பெயரால் சான்றை மறைக்கலாம் என்பதை ஒரு பொது விதியாக நான் ஏற்கமாட்டேன். இன்று துன்புற்ற பெண்ணுக்காக மறைத்தவரைப் பாராட்டினால், நாளை சாதிப் பற்றால் சாதிக்காரனின் குற்றத்தை மறைப்பவனை எந்த வாயால் கண்டிப்போம்? அவனும் இரக்கம் என்றுதான் சொல்லுவான். நம்மவன், பாவம் என்றுதான் சொல்லுவான். உண்மை முறைமன்றத்துக்குப் போக வேண்டும். ஐயமில்லை.

ஆனால் எந்த முறைமன்றத்துக்கு? பறவையின் பிணத்தைக் கண்டதும் அங்கே ஒரு பெண்ணின் வாழ்வு செத்துக் கிடப்பதைக் காணத் தெரிந்த மன்றமா? கண்டதும், அகப்பட்டாள் என்று கைகொட்டும் மன்றமா? ஜான் ரைட்டைப் பற்றி ஊரார் கூறுவதென்ன? குடிக்கமாட்டான், கொடுத்த வாக்கைக் காப்பான், கடனை அடைப்பான். சட்டத்தின் ஏட்டிலே அவன் நல்லவன்! ஒரு மனித உயிரைச் சிறிது சிறிதாகக் குளிரச் செய்து கொல்வதற்குச் சட்டத்தில் பெயரில்லை. ஆகவே தண்டனையும் இல்லை. பெண்கள் செய்தது தவறெனில், அத்தவறுக்கு அவர்களைத் தள்ளிய கை, அவர்களை வெளியே நிறுத்திவிட்டுக் கதவைத் தாழிட்டுக்கொண்ட நீதியின் கை.

ஹேலின் மனைவி இன்னொரு குற்றத்தையும் எடுத்துரைக்கிறாள். அண்டை வீட்டுக்காரி நான். அவள் தனித்து வாடுகிறாள் என்று தெரிந்தும் எட்டிப் பார்க்கவில்லையே, இதுவன்றோ குற்றம், இதற்குத் தண்டனை தருவது யார் என்று கலங்குகிறாள். அந்த வினா மேடையைத் தாண்டி வருகிறது. நம் தெருவிலே, நம் சுவருக்கு அப்பால், நாம் எட்டிப் பாராத வீடு எது? இந்தக் கேள்வியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறவன், ஒரு தீர்ப்பைக் கேட்டுவிட்டுப் போகிறவனைவிடக் கனத்த நெஞ்சோடு போகிறான். நான் சொன்ன முடிவை நீங்கள் ஏற்க வேண்டியதில்லை. வேறு முடிவு காண்பவர் வேறு காரணம் காட்டட்டும். காரணம் காட்டும் பழக்கத்தை உண்டாக்கியதே நாடகத்தின் வெற்றி.

கிரெகரி சீமாட்டியின் 'நிலவெழுச்சி' 1907-இல் டப்ளின் அபே அரங்கில் ஆடப்பட்டது. துறைமுகத்திலே காவல் நிற்கிறான் ஒரு போலீஸ் சார்ஜண்ட். தப்பியோடிய விடுதலை வீரனைப் பிடித்தால் நூறு பவுன் பரிசு. கந்தலாடைப் பாடகன் ஒருவன் வருகிறான். இருவரும் ஒரே பீப்பாய் மீது முதுகோடு முதுகு சேர அமர்கின்றனர். பழைய நாட்டுப்பாடல் எழுகிறது. சார்ஜண்டுக்கும் அந்தப் பாடல் தெரியும். பாடகனே வீரன் என்று தெரிந்தபின் அவனைப் போகவிட்டுவிட்டு, நான் செய்தது முட்டாள்தனமோ என்று தன்னையே கேட்டு நிற்கிறான். விடுதலையே சிறந்தது என்று ஒரு நீண்ட சொற்பொழிவை ஆசிரியர் அவன் வாயில் திணித்திருக்கலாம். திணிக்கவில்லை. அயர்லாந்து அந்நாளில் ஆங்கில ஆட்சியில் இருந்தது. அவன் கேட்ட கேள்விக்கு அவையிலிருந்த ஒவ்வொரு ஐரிஷ்காரனும் விடை தர வேண்டியிருந்தது. விடை தந்தவன் அந்த விடைக்குப் பொறுப்பாளியாகிறான். கேட்டுவிட்டுக் கைதட்டியவனுக்கு அந்தப் பொறுப்பு இல்லை.

நாடகத்துக்கு நோக்கம் கூடாது என்று நான் வாதிடுவதாக எவரும் எண்ணற்க. கிளாஸ்பெல்லுக்கு நோக்கம் உண்டு, கிரெகரிக்கும் உண்டு. நோக்கம் வேராக இருக்கட்டும். வேரைப் பிடுங்கிக் கிளையிலே தொங்கவிட வேண்டாம் என்பதே என் வேண்டுகோள். 'அற்பங்க'ளிலும் ஒரு குறை காண்கிறேன். அதில் வரும் ஆடவர் மூவரும் ஒருபடித்தானவர்கள். சமையலறைக்குள் வரும்போதெல்லாம் ஏதேனும் ஓர் ஏளனச் சொல் சொல்லிவிட்டுத்தான் போகின்றனர். அவருள் ஒருவனேனும் அறிவுடையவனாக, இரக்கமுடையவனாக இருந்து, அப்போதும் பறவையைக் காணத் தவறியிருந்தால், நாடகம் இன்னும் கூர்மை பெற்றிருக்கும். மூடனை வெல்வது வெற்றியன்று. எதிரியின் வாயில் அவனுடைய மிகச் சிறந்த வாதத்தை வைத்து, அதன்பின் வெல்வதே வெற்றி.

நாடகம் ஆடும் தோழர்கட்கும், பார்க்கும் தோழர்கட்கும் சில சொற்கள். ஒரு சிறு நாடகத்தைக் கண்டால், திரை எழுமுன் நடந்தது என்ன என்று கேளுங்கள். மேடைக்கு வராதவர் எவர் என்று கேளுங்கள். எந்தப் பொருள் பேசுகிறது, எந்த இடத்தில் ஒரு நெஞ்சம் திரும்புகிறது என்று பாருங்கள். திரை விழுந்தபின் எஞ்சி நிற்கும் கேள்வி எது என்று தேடுங்கள். எதுவும் எஞ்சவில்லையெனில், பொழுது போயிற்று, அவ்வளவே. ஆடுவோரோ, நாடகம் முடிந்ததும் ஒருவரை மேடையேற்றி, இதனால் அறியப்படும் நீதி யாதெனில் என்று விளக்கம் தரச் செய்யாதிருக்க வேண்டும். மேசை ஒன்று, நாற்காலி ஒன்று, கூண்டு ஒன்று போதும் இந்நாடகத்துக்கு. பொருட்செலவு இல்லை, சிந்தனைச் செலவுதான் உண்டு.

சொன்னதைக் கேள், கேட்டதை நம்பு, நம்பியதைக் கேள்விக்கு உள்ளாக்காதே என்று கூறும் மேடைகள் நாட்டிலே நிரம்ப உண்டு. அவ்வாறு பழக்கப்பட்ட மக்களிடம், நாமும் மேடையேறி, இதோ எங்கள் தீர்ப்பு, இதை நம்பு என்று சொன்னால், தீர்ப்பு நல்லதாக இருக்கலாம். கேட்பவன் மட்டும் பழைய அடியவனாகவே இருப்பான். வணங்கும் பொருள் மாறும். வணங்கும் கழுத்து நிமிராது. சான்றுகளை அவன் முன் வை. வாதங்களை வை. கூண்டையும் பறவையையும் கோணல் தையலையும் வை. பின் விலகி நில். அவன் எண்ணட்டும், தயங்கட்டும், அண்டையில் இருப்பவனோடு வாதிடட்டும். அந்த வாதத்திலே அவன் தன் சொந்தக் காலில் நிற்கக் கற்றுக்கொள்வான்.

தீர்ப்பு எவர் கையில்? திரை விழுந்தபின் விளக்கொளியில் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளும் அந்த மக்கள் கையில். அந்தக் கையை நம்பத் துணிவில்லாதவன் கோழை. அதை நம்பி விலகி நிற்பவன் அல்லன்.